சித்தமும் சொத்தும்

சித்தம் கலங்கியவரின் நிலம் யாருக்கு? சட்டம் முதலில் கேட்ட கேள்வி இதுதான். அவரை யார் பேணுவது என்பது பின்னரே எழுந்தது.

இடைக்கால இங்கிலாந்தின் ‘பிரெரோகடிவா ரெஜிஸ்’ இருவகையினரைப் பிரித்தது. பிறவியிலேயே அறிவு வளராதவரின் நில வருவாய், அவரது பராமரிப்புச் செலவு போக, அரசனைச் சேரும். இடையில் சித்தம் கலங்கியவரின் நிலத்தையோ அவர் தெளியும்வரை காத்து, அரசன் திருப்பித் தரவேண்டும்.

கம்பெனி ஆட்சி முடிந்த 1858இல் 34, 35, 36 என்னும் தொடர் எண்களில் மூன்று சட்டங்கள் இந்தியாவுக்கு வந்தன. முதலிரண்டும் நீதிமன்ற விசாரணைக்கும் சொத்து மேலாண்மைக்கும் உரியவை, மூன்றாவது காப்பகங்களுக்கு. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஒன்றாக்கியது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் ‘பைத்தியம்’ என்ற சொல்லைக் கைவிட்டது. சொத்து மேலாளரைக் கைவிடவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீக்கு 28 பேர் பலியாயினர். சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை.

2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியை எவ்வடிவிலும் தடைசெய்தது. தம் சிகிச்சை குறித்து முன்கூட்டியே எழுதிவைக்கவும், பிரதிநிதியைத் தாமே நியமிக்கவும் உரிமை தந்தது. ஆனால் 1858 முதல் தொடர்ந்துவந்த சொத்து மேலாண்மைப் பகுதி அதில் இல்லை.

ஆகவே, நினைவிழந்து கிடக்கும் தந்தையின் மருத்துவச் செலவுக்கு அவருடைய வங்கிக் கணக்கிலிருந்தே பணமெடுக்க, மகள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டியிருக்கிறது. அங்கே நீதிபதிகள் துணைக்கழைப்பது, இயலாதவர்க்கு அரசே பெற்றோர் என்னும் கோட்பாட்டை. அந்த இடைக்கால அரசனின் அதிகாரம்தான் அது.