உள்ளே ஒரு கல், வெளியே ஒரு கல்

ஆடம்பரக் கைக்கடிகாரத்தில் கல் ரெண்டு இடத்தில் இருக்கிறது. வெளியே வைரம்: அடுத்தவர் கண்ணுக்காக. உள்ளே மாணிக்கம்: சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழல்வதற்காக. துளையிட்ட கல்லில் அச்சைத் தாங்கவைக்கும் முறைக்கு 1704இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர்கள் சுவிஸ் கணிதவியலர் ஃபாசியோவும் டெபோஃப்ரே சகோதரர்களும். நம்ம ஊர்க் கடிகாரங்களில் ‘17 ஜுவல்ஸ்’னு போட்டிருந்தது இந்த உள்கல்லைத்தான். 1902இல் வெர்னுய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தபின் அது மலிவாகிப்போனது. நிறுவனங்கள் ‘வடிவமைப்புப் பாரம்பரியம்’ என்று கட்டியெழுப்பும் சொல்லாடல் முழுக்க வெளிக்கல்லைப் பற்றியது. அதன் மௌனங்களை வாசிப்பதே என் நோக்கம்.

முதல் மௌனம் மதம் சார்ந்தது. 1541இல் ஜெனீவா திரும்பிய கால்வினின் ஒழுக்க ஆட்சி ஆபரணத்தை ஒடுக்கியது. நகை பாவம், நேரம் பார்ப்பது பாவமில்லை. பொற்கொல்லர்களின் கைத்திறன் கடிகாரத்துக்குள் புகுந்தது. பயன் என்ற முகமூடியோடு ஆபரணம் திரும்பி வந்தது.

இரண்டாவது, பெண்ணுடல். நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூராவுக்காக பிரெகே 1810இல் தொடங்கி 1812இல் முடித்த கடிகாரம், கைக்கென்றே செய்யப்பட்டவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ‘அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்’ என்றுதான் ஐரோப்பிய ஆண் வெகுகாலம் ஒதுக்கிவைத்திருந்தான். 1914–18 போரில், பதுங்குகுழியில், பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை. மணிக்கட்டுக்கு மாற்றினான்; நகை ‘கருவி’ ஆகிவிட்டது. கார்டியே 1917இல் வடிவமைத்த கடிகாரத்துக்கு டாங்க் என்றே பெயர்.

பெண்ணுக்கு என்ன மிஞ்சியது? ஜேகர் லெகூல்ட்டரின் 1929ஆம் ஆண்டு 101 இயந்திரம் சுமார் ஒரு கிராம் எடை. சாவி கொடுக்கும் திருகைப் பின்பக்கம் மறைத்துவிட்டார்கள். எலிசபெத் 1953 முடிசூட்டு விழாவில் அணிந்தது இந்த இயந்திரம் பொருத்திய கடிகாரத்தைத்தான். விருந்தில் பெண் மணி பார்ப்பது நாகரிகமில்லை என்ற மேட்டுக்குடி வழக்கத்துக்குத் தோதாக, மூடிக்குள் முகத்தை ஒளித்த கடிகாரங்களும் வந்தன. ஆணின் கையில் நேரம். பெண்ணின் கையில் நேரத்தை மூடிய வைரம். இதை வெறும் அழகியல் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது, உழைப்பு. ஒரு பொருள் எத்தனை துண்டு வேலைகளாகச் சிதறுகிறது என்று காட்ட, 1867இல் ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணம் கடிகாரம்தான். பல்லுக்கு ஒருவர், சுருளுக்கு ஒருவர், கல்லில் துளைபோட ஒருவர். ஆனால் ஜூரா மலைக் கடிகாரத் தொழிலாளர்கள் வேலைமேசையில் அரசியலும் பேசினார்கள். 1872இல் அவர்களோடு தங்கிய க்ரோபோட்கின், தான் அராஜகவாதியானது அங்கேதான் என்று எழுதினார். பாரம்பரியப் பட்டியல்களில் அரசிகளுக்குப் பெயர் உண்டு; இந்தக் கைகளுக்கு இல்லை.

நகையை வெறுப்பது கால்வின் செய்த வேலை. அதையே இடதுசாரிக் குரலில் நாமும் செய்ய வேண்டியதில்லை. உள்கல்லிலிருந்து வடிவமைப்பின் வரலாற்றை எழுதத் தொடங்குவோம்: யார் துளைத்தார்கள், என்ன கூலிக்கு, யாருடைய நேரத்தில்?