சூடு காட்டும் முள் பிறந்த கதை

சாகாமத்துப் பக்கமிருந்து கண்டிக்குப் போகிற வான் அம்பாறை, மகாஓயா, மகியங்கனை வரைக்கும் பெரிய ஏற்றமில்லாமல் ஓடிவிடும். அதற்கப்பால் பதினெட்டு வளைவு. ஆளும் சாமானும் ஏற்றி, ஏசியும் போட்டு, சின்ன கியரில் அந்த மலையைப் பிடிக்கும்போதுதான் ரேடியேற்றரின் லட்சணம் தெரியும். பொனற்றைத் தூக்கிவிட்டு ஓரமாக நிற்கிற சாரதியிடம் கேட்டால், "மீற்றர் முள் நடுவுலதான் காக்கா நிண்டிச்சி" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தன்னைத் தொட்டுக்கொண்டிருப்பது எதுவோ, அதன் சூட்டை மட்டுந்தான் முள்ளுக்குச் சொல்லத் தெரியும். எஞ்சின் எவ்வளவு சூடு என்பது வேறு கணக்கு.

ஆரம்பகாலக் கார்களுக்கு முள்ளே கிடையாது. 1908இல் வந்த ஃபோர்ட் மாடல் டியில் முதல் 2,500 வண்டிகள் அளவில் ஓடியதும் தண்ணீர்ப் பம்பையே எடுத்துவிட்டார்கள். சூடேறிய தண்ணீர் மேலே போகும், ஆறியது கீழே இறங்கும், அந்தச் சுழற்சியே போதும் என்று நம்பினார்கள். மேல் குழாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கினால் சுழற்சி நின்றுபோகும். மூடி வழியாக ஆவி சீறும்போதுதான் ஓட்டுகிறவருக்கு விஷயம் தெரியும்.

இதற்கு மருந்து கண்டவர் அமெரிக்கரான ஹாரிசன் பாய்ஸ். 1912ஐ ஒட்டி அவர் ரேடியேற்றர் மூடியிலேயே ஒரு வெப்பமானியைப் பொருத்தினார். பாய்ஸ் மோட்டோமீற்றர் என்று பெயர். வட்ட முகம், கண்ணாடிக் குழாய், அதற்குள் ஏறி இறங்கும் சிவப்புத் திரவம். அக்காலத்து ரேடியேற்றர் மூடி வண்டிக்கு வெளியே நின்றதால் ஆசனத்தில் இருந்தபடியே பார்க்கலாம். கார்க் கம்பனிகள் தங்கள் பெயரை அதன் முகத்தில் பொறித்துக்கொண்டன. ஆபரணம் போலவும் ஆகிவிட்டது. ஆனால் அதன் கெட்டித்தனம் அழகில் இல்லை. பாய்ஸ் குமிழைத் தண்ணீருக்குள் முக்கவில்லை, தண்ணீருக்கு மேலே ஆவி நிற்கும் வெளியில் தொங்கவிட்டார். மட்டம் குறைந்தாலும் கொதித்தெழும் ஆவி வந்து குமிழைச் சுடும். பின்னாலே வந்த பல மீற்றர்களை விட இது புத்தியுள்ள ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

1920களின் கடைசியில் மீற்றர் டாஷ்போர்டுக்குள் குடிபுகுந்தது. எஞ்சினுக்குள் ஈதர் நிரப்பிய ஒரு குமிழ், அதிலிருந்து மயிர்க்குழாய், மறுமுனையில் அழுத்தத்தால் நிமிரும் வளைகுழாய், அதில் முள். வளைகுழாயை பிரான்சின் யூஜீன் போர்டோன் 1849இலேயே நீராவி அழுத்தம் அளக்கக் கண்டுபிடித்திருந்தார். வசதிதான். ஆனால் குமிழ் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் வற்றினால் அது வெறுமையில் நிற்கும். இரும்பு கொதிக்கும், முள் கீழே இறங்கும்.

இன்றைய சென்சரின் வேர் இன்னும் பழையது. மைக்கேல் ஃபரடே 1833இல் வெள்ளி சல்பைட்டைச் சூடாக்கியபோது, உலோகங்களுக்கு மாறாக அது மின்சாரத்தைத் தாராளமாக விடுவதைக் கண்டார். 1930இல் சாமுவேல் ரூபன் இந்தக் குணத்தை விலைக்கு விற்கக்கூடிய தெர்மிஸ்டர் ஆக்கினார். இன்று எஞ்சினில் திருகியிருக்கும் பித்தளைச் சென்சருக்குள் இருப்பது அதன் வாரிசுதான். சூடு ஏற ஏறத் தடை குறையும். பல டொயோட்டா எஞ்சின்களில் 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் 300 ஓம் சொச்சம். 1967இல் பொஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் 1600க்குக் கொடுத்த டி-ஜெட்ரோனிக் எரிபொருள் முறையும் இப்படிப்பட்ட சென்சரையும் பார்த்தே பெற்றோலின் அளவை நிர்ணயித்தது. அந்த எஞ்சின் காற்றால் ஆறுவது, தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல் சென்சரைச் சிலிண்டர் தலையின் உலோகத்திலேயே பதித்தார்கள். 1990களில் ஃபோர்ட் தண்ணீர் எஞ்சின்களிலும் சென்சரை உலோகத்தில் பதித்தபோது அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

நம் தெருக்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இன்னும் தண்ணீரைத் தொடும் சென்சரைத்தான் நம்புகின்றன. விட்ஸ், வேகன் ஆர் போன்றவற்றில் முள்ளும் போய், நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் மிஞ்சின. அதனால் சூடாகுது என்று வண்டி வந்தால், அதன் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுமுன், ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆறுமுன் திறப்பவன் முகத்தைச் சுட்டுக்கொள்வான்; அழுத்த மூடிக்குள் தண்ணீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும்.

மட்டம் சரியென்றால் சென்சரின் பிளக்கைக் கழற்றலாம். ஸ்கேனர் மைனஸ் 40 காட்டினால் வயர் வண்டியின் உடம்பில் எங்கும் உரசவில்லை. கழற்றிய பிறகும் கொதிநிலை காட்டினால் வயர் எங்கோ உடம்பில் உரசுகிறது. பி0118 என்ற கோட் அறுந்த வயரைக் காட்டும், பி0117 உரசலைக் காட்டும். இரண்டும் எஞ்சின் சூட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் கோட் வந்தவுடன் ரேடியேற்றரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம் தெர்மோஸ்டற் வால்வைப் பிடுங்கி எறிவது. "நம்மட நாட்டுச் சூட்டுக்கு அது என்னத்துக்கு?" என்ற வைத்தியம். வால்வு போனால் எஞ்சின் தன் சூட்டுக்கு வர மறுக்கும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், அடைத்துப்போன ரேடியேற்றர் அடைத்தபடியே இருக்கும். கடலோரக் கிணற்று உவர்த் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியதால் வந்த அடைப்பு அது.

இப்போது கராஜ்களில் கைத்துப்பாக்கி போன்ற வெப்பமானி வந்துவிட்டது. தெர்மோஸ்டற் உறையின் மேல் பிடித்து, ஸ்கேனர் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும். இரண்டும் வெகுவாக விலகினால் சென்சர் மாற்ற வேண்டும். இரண்டும் 110 என்றால் சூடு நிஜம். அடுத்துத் துப்பாக்கியை ரேடியேற்றரின் முகத்தில் மேலிருந்து கீழாக ஓட்டி, எந்த இடம் மட்டும் ஆறிக்கிடக்கிறது என்று தேடலாம்.