கருவிழியும் ஒளிக்கத்தியும்

மடுல்கெல்லைத் தேயிலை மலைகளில் மூக்குக்கண்ணாடி அணிந்து நடமாடுதல் எளிதன்று. நக்கிள்ஸ் தொடரிலிருந்து இறங்கும் மூடுபனி வில்லைகளிற் படிந்து பார்வையை மறைக்கும். மழையில் மலைப்படி ஏறும் மாணவன் இடையிடையே நின்று அவற்றைத் துடைத்தல் வேண்டும். இவ்விடர் நீங்கவே கண்ணின் மேலேயே பொருந்தும் தொடுவில்லையை இளைஞர் நாடுகின்றனர். அதனால் வரும் நோயைக் கேள்வியுற்றோர் லேசர்ச் சிகிச்சையைப் பற்றி வினவுகின்றனர். இவ்விரண்டும் எவ்வாறு தோன்றின என்பதும், ஒன்றன் குறையை மற்றொன்று எவ்வளவு தீர்த்தது என்பதும் ஆராயத்தக்கன.

கருவிழியின் முகப்பிற் கடிகாரக் கண்ணாடி போல் அமைந்த ஒளிபுகு தோலைக் கருவிழிப்படலம் என்பர். நடுவில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றரே. ஒளிக்குத் தடையாகும் குருதிக்குழாய்கள் அதில் இல்லை; ஆதலின் தனக்கு வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே அது பெறுகின்றது. கண்ணீர் அதனைக் கழுவுகின்றது, இமை துடைக்கின்றது. ஆனால் நுண்ணுயிர் ஒருமுறை உட்புகுந்துவிட்டால், குருதியோடு வரும் காவற்கலங்கள் அங்கு விரைந்து சேரமாட்டா. புண் ஆறினும் தழும்பு வெண்மையாய் நிலைத்துப் பார்வையை மறைக்கும். தெளிவுக்குக் காரணமான இயல்பே பலவீனத்துக்கும் காரணமாயிற்று.

இத்தகைய படலத்தின் மேல் அந்நியப் பொருளொன்றை வைக்கும் துணிவு 19ஆம் நூற்றாண்டினது. சூரிச் நகரில் வைத்தியராயிருந்த அடொல்ப் பிக் 1888இல் தம் கண்ணாடித் தொடுவில்லையைப் பற்றி வெளியிட்டார். வெண்விழியிற் படிந்து நின்ற அப்பெரிய வில்லையைச் சில மணி நேரத்துக்கு மேல் அணிதல் அரிது. 1948இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கெவின் டூவி, கருவிழியை மாத்திரம் மூடும் சிறிய பிளாஸ்டிக் வில்லையை ஆக்கினார். மென்வில்லையின் வரலாறு இன்னும் சுவையுடையது. செக்கோசிலோவாக்கிய இரசாயன அறிஞர் ஒட்டோ விக்டர்லே, 1961ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டமைப்புத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஒரு சுழல்பொறி செய்து, நீரை உறிஞ்சும் மென்பொருளை வில்லையாக வார்த்தெடுத்தார். 1971இல் ஐக்கிய அமெரிக்க அரசு மென்வில்லை விற்பனைக்கு அனுமதி வழங்கியது. அதன்பின் அது உலகெங்கும் பரவியது.

வில்லை பரவவே நோயும் பரவிற்று. 1989இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, மென்வில்லையைப் பகலில் மாத்திரம் அணிவோருள் 10,000 பேருக்கு ஆண்டுதோறும் நால்வர் கருவிழிப் புண்ணுக்கு ஆளாயினர். இரவிலும் கழற்றாது அணியும் வகையினருள் அத்தொகை 21 ஆயிற்று. உறக்கத்தில் மூடிய இமையும் வில்லையும் சேர்ந்து பிராணவாயுவைத் தடுப்பதே இதற்குப் பெருங்காரணம். அகந்தமீபா என்னும் அமீபாவோ மண்ணிலும் ஓடையிலும் குழாய்நீரிலும் இயல்பாகவே வாழ்வது. தடித்த உறையினுள் ஒடுங்கிக் குளோரினையும் தாங்குவது. 1980களின் நடுப்பகுதியில் உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே கழுவுநீர் செய்தோரிடையே இந்நோய் தலைகாட்டியது. பீலியில் வில்லையோடு குளிப்பதும், தொட்டிநீரில் அதனை அலசுவதும் ஏன் ஆகா என்பது இதனால் விளங்கும்.

ஒளிக்கத்தியின் கதை சென்னையிற் பிறந்த ஒருவரின் கதை. 1929இல் பிறந்த ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று அமெரிக்கா சென்று, நியூயோர்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்திற் பணியாற்றிய இரசாயன அறிஞர். கண் வைத்தியம் அவர் துறையன்று. 193 நானோமீற்றர் அலைநீளமுள்ள கழியூதாக் கதிர், பிளாஸ்டிக்கின் மூலக்கூற்றுப் பிணைப்புகளை அறுத்து, அயற்பகுதியைச் சுடாமலே மேற்பரப்பைச் செதுக்குவதை அவர் ஆராய்ந்து வந்தார். 1981 நவம்பரில், நன்றியறிதல் திருநாள் விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டைக் கூடத்துக்குக் கொணர்ந்து அக்கதிரைச் செலுத்தினார். கருகாத, ஓரம் செம்மையான வெட்டுக் கிடைத்தது. ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளும் என்போர் இம்முயற்சியில் உடனுழைத்தனர். 1983இல் கண் வைத்தியர் ஸ்டீபன் டிரோக்கலோடு சேர்ந்து கருவிழியிற் செய்த சோதனையை வெளியிட்டார். பார்வையுள்ள மனிதக் கண்ணில் 1988இல் மார்கரெட் மக்டொனால்டு இம்முறையைக் கையாண்டார். படலத்தின் மேலேட்டை மடித்துத் திறந்து உள்ளே செதுக்கும் லேசிக் முறையைக் கிரேக்க வைத்தியர் பல்லிக்காரிஸ் உருவாக்கினார்.

ஆயின் லேசரே வில்லைக்கு முழு மாற்று என்று கூறிவிடலாமா? 2006இல் ஓரிகன் வைத்தியர் சிலர், பல்லாண்டு வில்லை அணிதலின் மொத்த ஆபத்து லேசரின் ஆபத்தை விஞ்சலாம் என்று வாதித்தனர். வில்லையின் ஆபத்து நாள்தோறும் சிறிது சிறிதாய்ச் சேர்வது. சத்திரத்தின் ஆபத்தோ ஒருநாளிற் கூடுவது என்ற அளவில் அவ்வாதம் பொருந்தும். ஆனால் வில்லையைக் கழற்றி வைக்கலாம். செதுக்கிய படலத்தை மீட்க முடியாது. கண் வறட்சி சிலருக்கு நீடிக்கும். படலம் மெலிந்தோர்க்கும், அது கூம்பு வடிவாகும் நோயுடையோர்க்கும் லேசிக் தகாது. பின்னவர்க்கு வன்வில்லையே துணை. பார்வைத்திறன் இன்னும் மாறிவரும் இளம் மாணவர் காத்திருத்தல் வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் வாசிப்புக் கண்ணாடி எவர்க்கும் தேவைப்படலாம். இவ்வளவையும் நோக்க, மலைநாட்டு மாணவனுக்கு மூக்குக்கண்ணாடி இன்றும் இழிவானதன்று.

தழும்பேறிய படலத்துக்கோ வில்லையும் லேசிக்கும் பெரிதும் உதவா. மற்றொருவர் தந்த படலமே வேண்டும். இத்துறையில் இலங்கைக்குத் தனிச்சிறப்புண்டு. மருத்துவ மாணவராயிருந்த ஹட்சன் சில்வா, 1958இல் கண் தானம் வேண்டிப் பத்திரிகையில் எழுதினார். 1961இல் கண்தானச் சங்கத்தை நிறுவினார். கண்ணைத் தந்த சிவி மன்னனின் சாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த பௌத்த மக்கள் பெருந்தொகையாய் முன்வந்தனர். கண்ணப்பரைப் போற்றும் சைவர்க்கும் இது புதிய அறமன்று. 1964இல் பனிக்கட்டி இட்ட குடுவையில் இலங்கைக் கண்கள் முதன்முதலாகக் கடல் கடந்தன. அவை சென்ற இடம் சிங்கப்பூர். 2005, 2006ஆம் ஆண்டுகளில், வில்லை கழுவும் நீரோடு தொடர்புடைய பியூசேரியம் என்னும் பங்கசு நோய் பலரைத் தாக்கியதும், அவருட் சிலருக்கு மாற்றுப்படலம் பொருத்த நேர்ந்ததும் அதே நகரில்தான்.