வெண்ணெய்நல்லூர் ஓலையும் ஊர்ப் பஞ்சாயத்தும்

சிவபெருமான் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் பலரும் ரசிப்பது கிழவேதியர் வேடத்தை. அதைவிடச் சுவையானது, 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் அரங்கேறிய பெரியபுராணத்தில் சேக்கிழார் நடத்திக்காட்டும் வழக்கு. புத்தூர் மணப்பந்தலில் சுந்தரரை அடிமை என்று உரிமை கோருகிறார் கிழவர். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. பலவந்தமாகக் கிழித்துவிட்டால் வென்றதாகுமா என்று சபை இளைஞரைக் கண்டிக்கிறது. ஆனால் கிழவர் சொன்னதையும் அப்படியே ஏற்கவில்லை. அந்தணர் அந்தணருக்கு அடிமையாகும் வழக்கம் உண்டா, ஆவணம் உண்டா, சாட்சி உண்டா என்று கேட்கிறது. கிழிந்தது படிதான் என்று கிழவர் மூல ஓலையை நீட்ட, கரணத்தான் அதைச் சபையறியப் படிக்கிறார். சாட்சிகளின் கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வரவழைக்கப்பட்டு இரண்டு கையெழுத்தும் ஒப்புநோக்கப்படுகின்றன. அதன் பிறகே தீர்ப்பு.

புராணத்தை வரலாறாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். கிழவர் சிவபெருமான் என்பது நம்பிக்கை. ஆனால் சபை நடந்துகொண்ட முறை கேட்பவர்களுக்குப் பழகியதாக இல்லாவிட்டால் கதையே எடுபட்டிருக்காது. சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. இன்னொரு ஆட்சேபம் கனமானது: தீர்ப்புச் சொன்னவர்கள் வாதியின் ஊர்க்காரர்கள், அனைவரும் ஒரே சாதியார், அவர்கள் நிலைநாட்டியதோ வழிவழி அடிமைத்தனம். இதை மழுப்ப வேண்டியதில்லை. நடைமுறை ஒழுங்காக இருந்தால் சட்டமும் நியாயமானதாகிவிடாது. சபை கோட்டைவிட்டதும் ஒன்று உண்டு: வாதிக்கு அந்த ஊரில் வீடு எங்கே என்று தீர்ப்புக்குப் பிறகுதான் கேட்கிறார்கள்! ஆனாலும் உள்ளூர் நடுவரின் சாய்வைக் கட்டிப்போட அவர்களிடம் காப்பில் வைத்த ஓலை இருந்தது, பலர் முன்னிலையில் படிக்கும் வழக்கம் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு அறம் சேர்த்தது இந்தக் கட்டுகள்தான் என்பது என் வாதம்.

பிற்காலத்தில், ஊர்ப் பெரியவர்களின் தீர்ப்பில் நம்பிக்கை வைத்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ, 1816இல் சென்னை மாகாணத்துக்குக் கிராம முன்சீப்பு, கிராமப் பஞ்சாயத்து ஒழுங்குமுறைகளைக் கொண்டுவரச் செய்தார். பஞ்சாயத்துக்கு இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் அதை நாடவில்லை. தோற்போம் என்று தெரிந்தவன் எதற்குச் சம்மதிப்பான்?

சட்டத்துக்கு வெளியே, கடலூர்க் கரையில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை மீனவர் பஞ்சாயத்துகள் வலைச் சேதம், கடன், குடும்பத் தகராறு என்று எத்தனையோ தீர்த்துவந்திருக்கின்றன. நீதிமன்றம் ஆண்டுக்கணக்கில் இழுப்பதை அவை ஒரு மாலையில் முடித்துவிடுவதும் உண்டு. ஆனால் பேச்சு பெரும்பாலும் வாய்மொழி, கூடுவோர் ஆண்கள், பணியாதவருக்கு அபராதம் அல்லது ஊர்விலக்கு. ஒதுக்கப்பட்டவர் மேல்முறையீட்டுக்குக் கையில் எதை எடுத்துப்போவார்? 2011இல் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்தைச் சட்டவிரோதம் என்று கண்டித்தபோது இந்த ஏற்பாடுகளின் மீதும் அதே நிழல் விழுந்தது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டமோ சமுதாயத் தகராறுகளுக்கு மூவர் குழுவை வகுக்கிறது. உடன்பாட்டை எழுதிக் கையொப்பமிடச் சொல்கிறது. ஆனால் அதை நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்ற முடியாது. பல்லில்லாத சட்டம் என்பார்கள். இணங்காதவரை அடக்கும் பல்லைவிட, முடிவுக்கான காரணத்தை எழுதி இரு தரப்புக்கும் ஆளுக்கொரு படி கொடுப்பதே இந்தக் கரைக்கு முதலில் தேவை. படகு வைத்திருப்பவருக்கும் கூடையில் மீன் விற்கும் பெண்ணுக்கும் ஒரே படி.