நிலக்காட்சிப் படங்கள்: திருச்சிராப்பள்ளி வட்டாரம்

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தின் மலையையும் ஆற்றையும் ஊரையும் படமாக்கிவைத்த வரலாறு 250 ஆண்டுக்கு மேல் நீளமுள்ளது. எண்ணெய் ஓவியம், செப்புத்தகட்டு அச்சு, காக்காய்ப்பொன் ஓவியம், புகைப்படம், நில அளவைப் படம், திட்ட வரைபடம், செயற்கைக்கோள் படம் என எல்லாம் இதில் அடங்கும். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், இரண்டுக்கும் நடுவே ஓடும் காவிரி ஆகிய மூன்றும் தென்னிந்தியாவில் மிகுதியாக வரையப்பட்ட காட்சிகளில் சேரும். மாவட்டத்தின் தென்மேற்கிலுள்ள மருங்காபுரியின் நிலை வேறு. மதுரை நாயக்கரின் 72 பாளையங்களில் ஒன்றாக எண்ணப்பட்டு, பின்னர் ஜமீனாக இருந்த அந்த வறண்ட சீமைக்கு இதனோடு ஒப்பிடத்தக்க படவரிசை கிடையாது. வட்டாரத்தின் பட வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஏற்றத்தாழ்வே நல்ல நுழைவாயில். பழைய தோற்றம் படமாகக் கையில் இருக்கும் ஊரில்தான் என்ன மாறியது என்று கணக்குக் கேட்க முடிகிறது. இனி என்ன வரலாம், எது கூடாது என்று வழக்காடவும் முடிகிறது. படம் இல்லாத ஊரில் மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பும் இங்கு இடத்தைப் படமாகக் காட்டும் மரபு இருந்தது. கோயில் சுவர்களிலும் துணிகளிலும் தலங்களைத் தீட்டியவர்கள் ஒரே கோணத்தில் நின்று பார்க்கவில்லை. திருச்சுற்றுகளை மேலிருந்து பார்ப்பது போலவும் கோபுரங்களை எதிரே நின்று பார்ப்பது போலவும் ஒரே பரப்பில் வரைந்தார்கள். யாத்திரை போகிறவருக்கு எது எதற்குள் இருக்கிறது என்பதே முக்கியம். தொலைவில் இருப்பது சிறுத்துத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஐரோப்பியப் படங்கள் போரோடு வந்தன. 1751 முதல் 1754 வரை சந்தா சாகிபின் தரப்பும் முகமது அலியும், அவர்களுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் திருச்சிக் கோட்டைக்காக மோதினார்கள். ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிடத் தொடங்கிய போர் வரலாற்றில் ஊரைச் சுற்றிய பாறைகளும் தோப்புகளும் வரைபடத்தில் இடம்பிடித்தது பீரங்கியை எங்கே நிறுத்தலாம் என்ற கணக்கினால்தான். பொன்மலை அந்தக் கணக்கில் ஒரு குன்று, அவ்வளவே. சென்னைப் படையைச் சேர்ந்த பிரான்சிஸ் சுவெய்ன் வார்டு 1770களில் மலைக்கோட்டையைத் தீட்டினார். 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் தெற்கே வந்து, காவிரியிலிருந்து தெரியும் பாறையையும் மலைமேல் கோயிலையும் வரைந்து சென்றனர். 144 அச்சுப்படங்கள் கொண்ட அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதி 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்தது. மலைக்கோட்டை உலகறிந்த காட்சியானதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

புகைப்படம் வந்த பிறகு ஓவியம் சாட்சியாக நிற்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஓவியர் மரத்தை நகர்த்துவார், வானத்தை அழகுபடுத்துவார். கேமரா உள்ளதைச் சொல்லும் என்பது அவர்களின் வாதம். திருச்சியில் கிடைக்கும் சான்று இந்த வாதத்துக்கு ஒத்துழைப்பதில்லை. டேனியல்கள் வெளிக்காட்சியைக் கண்ணாடி வழியே தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டியை வைத்துக் கோடு பிடித்தவர்கள்; கட்டடத்தின் அளவுகளில் அவர்களை நம்பலாம். புகைப்படக்காரர் பக்கம் லின்னேயஸ் டிரைப்பைப் பார்ப்போம். சென்னை அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக 1856இல் நியமனம் பெற்ற இந்தப் படைத் தலைவர், 1857 கடைசியில் தொடங்கிய பயணத்தில் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை என்று படமெடுத்தார். 1858இல் ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றும் திருச்சிக்கு ஒன்றுமாகத் தனித்தனித் தொகுப்புகள் வெளியாயின. மெழுகில் தோய்த்த தாளில் வெள்ளி உப்பு ஏற்றிக் கேமராவில் வைத்து, நிமிடக்கணக்கில் ஒளி காட்டி எடுத்த நெகட்டிவ்கள் அவை. அந்த வேதியியல் நீல வானத்தைத் தாங்காது. வெயில் ஊரில் வானம் திட்டுத் திட்டாக வெளுத்துப்போகும். டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் சாயம் பூசி வானத்தைச் சமன் செய்தார். சிலவற்றில் மேகமும் வரைந்தார், மர இலைகளைத் திருத்தினார். ஆகவே அவர் படத்தில் மழைக்காலமா கோடையா என்று வானத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கல்லையும் சுதையையும் பொறுத்தவரை அந்தப் படங்களுக்கு நிகரான சாட்சி வேறில்லை. எந்தப் படமானாலும் அதில் எந்தப் பகுதி எப்படி உண்டாயிற்று என்று பகுதி பகுதியாகவே எடைபோட வேண்டும். ஓவியம், புகைப்படம் என்று இனம் பிரித்து ஒன்றை நம்பி மற்றதைத் தள்ளுவது சோம்பல். ஆளுநர் டிரெவல்யன் 1859இல் இந்தப் பணியையே ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு, அதைப் பின்னால் வருபவர்கள் கட்டுகிறார்கள். எட்மண்ட் டேவிட் லயன் 1867–68இல் அரசுக்காகத் திரும்பவும் படமெடுக்க வந்தார். 1869இல் சாமுவேல் போர்னும் வந்துபோனார்.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்றுண்டு. இவை ஆள வந்தவர்களின் கண்கள். இடிபாட்டையும் பிரம்மாண்டத்தையும் தேடிய கண்கள். மக்கள் அவற்றில் இல்லை. பெருமளவு உண்மை. நீண்ட நேர ஒளிகாட்டலில் நடமாடும் மனிதர் பதிவதில்லை என்பதால் டிரைப்பின் வீதிகள் ஊரடங்கு போட்டது போல வெறிச்சோடிக் கிடக்கின்றன. அதே நூற்றாண்டில் அதே திருச்சியில் உள்ளூர் ஓவியர்கள் காக்காய்ப்பொன் தகடுகளில் நெசவாளி, தயிர்க்காரி, பல்லக்குத் தூக்கி, சாமி ஊர்வலம் என்று தீட்டி வெள்ளைக்கார வாடிக்கையாளருக்கு விற்றார்கள். அந்தத் தகடுகளில் ஆட்கள் பளபளக்கிறார்கள். காலடியில் பெரும்பாலும் நிலமே இல்லை. ஒருவரிடம் மனிதரற்ற ஊர், இன்னொருவரிடம் ஊரற்ற மனிதர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் 19ஆம் நூற்றாண்டுத் திருச்சி ஓரளவு முழுமையாகிறது. ஆள வந்தவர் எடுத்தது என்பதற்காகத் தள்ளிவைத்தால் நட்டம் நமக்கே. கோட்டை மதிலையும் அகழியையும் பிற்காலத்தில் இடித்தும் தூர்த்தும் விட்டார்கள். மெயின் கார்டு கேட் மட்டும் மிஞ்சியது. மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும் ஏன் அப்படி ஊரை அணைத்துக்கொண்டு போகின்றன என்பது பழைய படங்களையும் கோட்டை வரைபடங்களையும் பார்த்த பிறகே விளங்கும். அகழியின் தடத்தில்தான் இன்று பேருந்து போகிறது.

ஆறு இன்னும் நல்ல சான்று. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடத்தின் வாட்டம் அதிகம் என்பதால் நீர் அந்தப் பக்கமே சாய்ந்து, காவிரிக் கிளை மண்மேடிட்டு வந்தது. தஞ்சைப் பாசனம் நொடிக்கும் நிலையில், 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத் தலைப்பில் மேலணையைக் கட்டி நீரைக் காவிரிக்குத் திருப்பினார். அப்படியானால் 1792இல் டேனியல்கள் பார்த்த காவிரியும் 1858இல் டிரைப் பார்த்த காவிரியும் பெயரில் மட்டுமே ஒன்று. 1934இல் மேட்டூர் அணை வந்த பின் எடுத்த படங்கள் மூன்றாவது ஆற்றைக் காட்டுகின்றன. மாறாத பழங்காவிரி என்று ஒன்றைப் படத்தில் தேடுகிறவருக்கு இது ஏமாற்றம். எப்போது, எதனால், எவ்வளவு மாறியது என்று கேட்பவருக்குப் புதையல். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் ஒரு பகுதி சரிந்தது; நான்கு நாளில், 22ஆம் தேதி, மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணல் அள்ளியதே காரணம் என்று ஒரு தரப்பும், கட்டுமானத்தின் வயதும் வெள்ளத்தின் வேகமுமே காரணம் என்று மறு தரப்பும் பேசின. இப்படிப்பட்ட வழக்கில் பாலத்துத் தூணே அளவுகோல். 1928இல் திறந்த பாலம் அது. தூணின் எந்த வரி வரை மணல் இருந்தது என்பதைத் தேதி தெரிந்த ஒவ்வொரு பழைய படத்திலும் பார்த்துக் குறித்தால் ஆற்றுப்படுகை எந்தப் பத்தாண்டில் எவ்வளவு இறங்கியது என்று சொல்லிவிடலாம். குடும்பப் படமோ திருவிழாப் படமோ, பின்னணியில் தூண் தெரிந்தால் போதும். ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள் சுருங்குவதை ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் படமெடுத்து அளக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. நம் ஆறுகளுக்கு அதைப் பொருத்துவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.

எதிர்காலத்தைப் படமாக்குவது வெறும் விளம்பரம், வரலாற்றில் அதற்கு இடமில்லை என்பாரும் உண்டு. ஸ்ரீரங்கத்து ராயகோபுரம் அவர்களுக்கு விடை சொல்கிறது. விஜயநகரக் காலத்தில் தொடங்கிக் கல்ஹாரம் எனும் கல் அடிக்கட்டோடு நின்றுபோன அந்த வாயிலை ஊரார் மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தார்கள். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் 19ஆம் நூற்றாண்டில் அதன் அளவுகளை எடுத்துக்கொண்டு, வழக்கமான விகிதத்தில் மேற்கட்டு எழுந்தால் ஏறக்குறைய 300 அடி இருக்கும் என்று கணக்கிட்டார். கட்டாத கோபுரம் ஒன்று எண்ணாகவும் கற்பனைக் கோடாகவும் நூறாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. அகோபில மடத்தின் 44ஆவது ஜீயர் முன்னின்று 1979இல் தொடங்கிய பணி, 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக நிறைவேறி, 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு கண்டது. பெர்குசனின் கணக்கிலிருந்து இது 60 அடிக்கு மேல் குறைவு; தாங்கும் அடித்தளத்தையும் கட்டுமானப் பொருளையும் பொறுத்தே கோபுரம் எழும், விகிதத்தை மட்டும் பார்த்து எழாது. 1987க்கு முன் எடுத்த படங்களில் மொட்டை வாயில். பின் எடுத்தவற்றில் வானளாவிய கோபுரம். பழமையின் மெய்த்தன்மை போயிற்று என்று வருந்துவோருக்கு ஒன்று சொல்லலாம்: நின்றுபோன நிலை டிரைப், லயன் காலத்திலிருந்தே படமாக இருக்கிறது. படமே எடுக்காமல் மேலே கட்டியிருந்தால் அந்த வருத்தத்துக்கு ஆதாரமே இருந்திராது. கோபுரமும் படமாகி வேறிடம் போனது. 2024 ஜனவரியில் திறந்த திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் ஸ்ரீரங்கத்துச் சாயலையே முகப்பிலும் சுவரோவியங்களிலும் அணிந்திருக்கிறது.

திட்டமிடலில் பழைய படத்தையும் வரப்போவதன் படத்தையும் அருகருகே வைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ். சென்னையைக் குண்டுவீசி நடுங்கவைத்த அதே எம்டன் கப்பல் அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலையும் 1914இல் மூழ்கடித்தது. புதிதாகச் சேர்த்த படங்களோடு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. முதலில் ஊரை நடந்து பார், பழைய படங்களையும் வரைபடங்களையும் சேர், பிறகே கோடு போடு என்பது அவர் முறை. 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. முறையின் பாதி மட்டுமே பின்னர் தங்கியது. இன்று பேருந்து நிலையத்துக்கும் மேம்பாலத்துக்கும் கணினியில் வரையும் மாதிரிப் படங்களில் வெயிலே இருப்பதில்லை, தூசி இல்லை, தள்ளுவண்டி இல்லை. அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்ற படம் பக்கத்தில் இல்லாததால், எது போகப்போகிறது என்ற கேள்வி பார்ப்பவருக்கு எழுவதில்லை. ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் தீட்டிய சோழநாடு தலைமுறைகளின் மனத்தில் பதிந்துபோனது. கற்பனைக்கு அவ்வளவு வலிமை உண்டு. அது சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும் என்பதே வாதம்.

இனி மருங்காபுரி. வானம் பார்த்த பூமி, சிறு ஏரிகள், பாறைக் குன்றுகள், பனை. அழகுக் காட்சி தேடி வந்தவரை நிறுத்திவைக்கும் கோபுரமோ பெரிய ஆறோ இல்லை. அரசு உழவரிடம் நேரே வரி வாங்கிய ரயத்துவாரி கிராமங்களில் வரி வசூலுக்காகப் புலம் புலமாக அளந்து படம் போட்டார்கள். ஜமீன் ஊர்களில் அந்த விரிவான அளவை பெரும்பாலும் 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்பே வந்தது. வரி கேட்ட கண்ணும் அழகு கேட்ட கண்ணும் அங்கே போகவில்லை. செயற்கைக்கோள் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டதே என்று கேட்கலாம். 1960களில் எடுத்து 1995இல் ரகசியம் நீக்கிய அமெரிக்க கொரோனா உளவுப் படங்களில் ஏரிக்கரைகளைப் பிரித்தறியலாம். 1972இல் தொடங்கிய லேண்ட்சாட்டின் முதல் படங்களில் ஒரு புள்ளியே ஏறத்தாழ 80 மீட்டர். ஊருணி அதில் காணாமல் போகும். மேலிருந்து எடுத்த படத்தில் கரையின் உயரமோ மரத்தின் இனமோ தெரியாது, அதற்கு முந்தைய நூற்றாண்டும் கிடையாது. இன்னொரு ஆட்சேபம் வலுவானது. அண்டையிலுள்ள கடவூர், அய்யலூர் காடுகள் 2022இல் நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயமாயின, 11,806 ஹெக்டேர் பரப்பில், எந்த ஓவியரின் புகழ்பெற்ற காட்சியும் இல்லாமலே. ஏற்க வேண்டியதுதான்: களக் கணக்கெடுப்பும் ஒரு பதிவு. ஆனால் அது தேவாங்குக்குக் காப்பு கொடுத்தது. ஏரிக்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கும் அப்படிக் கணக்கெடுப்பவர் இல்லை. அங்கே மிஞ்சியிருப்பவை அ-பதிவேடும் கிராம வரைபடமும் புலப்படமும். புலப்படத் தாளில் எல்லைக் கற்கள், கிணறு, வண்டிப்பாதை, உட்பிரிவு எண்கள் எல்லாம் இருக்கின்றன; பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு என்று வகை இருக்கிறது. இவற்றைக் கொரோனா படத்தின் மேல் பொருத்தி, அதே இடங்களில் நின்று இன்று கண்மட்டத்தில் படமெடுத்து, நின்ற இடத்தையும் தேதியையும் நேரத்தையும் குறித்து மாவட்ட ஆவணத்தில் சேர்த்தால், 1763இல் ஓர்ம் கோட்டைக்குச் செய்ததை மருங்காபுரி ஏரிகளுக்கு இப்போதாவது செய்யத் தொடங்கலாம். கல்குவாரிக்கோ நான்குவழிச் சாலைக்கோ அனுமதி கேட்டு வரும் மனுவோடு, பழைய படமும் இன்றைய படமும் வரப்போவதன் படமும் ஒரே அளவில், ஒரே திசையில் இணைக்கப்பட வேண்டும் என்று கேட்க அப்போது வழி பிறக்கும்.