தொரைமாரின் துவக்கு

தகப்பன் போரில் பிடித்த ரகத் துவக்கை மகன் தேடி வாங்கி, அவர் நினைவாகச் சுடுதளத்தில் நாலு ரவை சுட்டுவிட்டு வருவது ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் இன்றும் நடக்கிறது. அப்படி நினைக்கப்படும் தகப்பன்மாரில் ஒருசிலர் நம் மலைகளில் பெரியதொரையாகவும் சின்னதொரையாகவும் பிரட்டுக்களத்தில் நின்றவர்களாக இருக்கக்கூடும்.

1900-இல் இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை அமைந்தது. தலைமையகம் கண்டி. வெள்ளைக்காரத் தொரைமாருக்கு மட்டுமே அதில் இடம். முகாமும் சுடும் பயிற்சியும் தியத்தலாவையில். பலாங்கொடையிலிருந்து போகிற தொரை பெலிஹுல்ஓயாவைத் தாண்டி, பெரகலை ஏறி, அப்புத்தளை வழியாகப் போகவேண்டும்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் மேஜர் ஹால் பிரவுன் தலைமையில் இருநூறுக்கும் மேற்பட்ட தொரைமார் கொழும்பில் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். 1915 ஏப்ரலில் கலிபோலிக் கரையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலாக நின்றவர்கள் இவர்கள். பலர் பிறகு வேறு படைகளில் அதிகாரிகளானார்கள், பலர் திரும்பவேயில்லை.

அந்தக் காலத்துப் பிரித்தானியப் படையின் துவக்கு லீ என்ஃபீல்ட். நம் ஆட்கள் வாயில் ‘த்ரீ நாட் த்ரீ’. நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. ஐந்தைந்தாகக் கோத்த ரவையைப் பெருவிரலால் அழுத்தி இரண்டு தடவை இறக்கினால் பத்து. தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை குறிபார்த்துச் சுடுவான். கட்டையின் அடியில் பித்தளைத் தகடு; அதிலுள்ள சிறு மூடியைத் திறந்தால் எண்ணெய்க் குப்பியும், குழாய்க்குள் துணியை இழுக்கும் கயிறும் சுருட்டி வைத்திருக்கும். சுட்டபின் குழாயில் கொதிநீர் ஊற்றிக் கழுவவேண்டும். இல்லாவிட்டால் ரவையைப் பற்றவைக்கும் மருந்தின் உப்பு இரும்பை அரித்துவிடும். தொரை வீட்டோடு வைத்திருந்த துவக்கென்றால், அந்த வெந்நீரைக் காய்ச்சியது பங்களா அப்புவாகத்தான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தொரைமார் எழுதிவைத்த நினைவுகளில் அப்புவுக்குக் கிடைக்கும் இடமே கொஞ்சம். துவக்கைத் துடைத்தவர் பெயரை யார் எழுதப்போகிறார்கள்!

சரி, லயத்துப் பிள்ளை தன் தகப்பனை நினைக்க எந்தத் துவக்கைத் தேடுவது? அவனுடைய அப்பன் பிடித்தது கவ்வாத்துக் கத்தியும் முள்ளும் மண்வெட்டியும். துவக்கு அவனுக்கு எதிரே நின்ற பொருள். 1940 ஜனவரி 10-ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். மலையகத் தொழிற்சங்கக்காரர்கள் முதல் தியாகி என்று சொல்வது அவரைத்தான்.

தொரைமார் படை 1949-இல் கலைக்கப்பட்டது. இலங்கை இராணுவம் உருவானதும் அதே வருடம். தோட்டத் தமிழர் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்ததும் அதே வருடம். 1948-ஆம் வருடச் சட்டம் குடியுரிமையை ஏற்கெனவே பறித்துவிட்டது. நாடற்றவன் என்று முத்திரை குத்தப்பட்டவனைப் புதுப் படையில் யார் சேர்ப்பார்கள்? ஆக, தொரையின் துவக்குப் போய் அரசாங்கத்தின் துவக்கு வந்த பிறகும் லயத்துப் பிள்ளைக்கு அது அன்னியச் சாமான்தான். நினைவுத் துவக்கு என்ற வழக்கம் இங்கே வேர்விடாததற்குத் துப்பாக்கி லைசன்ஸ் கெடுபிடியை மட்டும் காரணம் சொல்வது பாதிக் கதை.

கோவிந்தன் பெயரைச் சொல்லி மலையகத்தில் ஜனவரி 10-ஆம் திகதி தியாகிகள் தினம் நடக்கிறது. அந்தச் சூட்டை விசாரிக்க ஆணைக்குழு உட்கார்ந்தது. முல்லோயா வழக்கையொட்டிய தகராறில் மந்திரிமார் சபையே இராஜினாமாக் கொடுத்தது. ஒரு தோட்டத்துத் தகராறு அவ்வளவு தூரம் போனது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.