எண்ணெய் அவர்களுக்கு, வயல் நமக்கு

மெஹ்சானாவுக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆகுது. இங்கே வயல்களுக்கு நடுவே எண்ணெய் பம்புகள் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். போன வாரம் சக ஊழியர் ஒருவர் கேட்டார்: "உங்க ஊர்ல மட்டும் ஏன் சார் எண்ணெய் எடுக்க விடமாட்டேங்கறாங்க?" மன்னார்குடிப் பக்கம் நாலு மா நிலமும், அதைப் பார்த்துக்கொள்ள எழுபத்தைந்து வயசு அப்பாவும் இருக்கிற எனக்கு, பதில் சொல்ல ஒரு டீ நேரம் போதவில்லை. அதனால் இந்தப் பதிவு.

2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க, ஒரு தனியார் நிறுவனத்தோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. பரப்பு 691 சதுர கி.மீ. மீத்தேன் வெளியே வர முதலில் படுகையில் உள்ள நீரை இறைக்க வேண்டும். ஷேல் வாயு என்றால் நீர், மணல், ரசாயனம் கலந்து பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும், அதுதான் ஃபிராக்கிங். இரண்டிலும் பயம் ஒன்றே: நிலத்தடி நீர். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பரில் காலமானார். 2017-ல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராட்டத்தில் இறங்கின.

மாநில அரசால் என்ன செய்ய முடியும்? அரசியல் சட்டப்படி எண்ணெய் வயல்கள் மத்தியப் பட்டியலில். விவசாயமும் நிலமும் மாநிலப் பட்டியலில். 2020 பிப்ரவரி 20-ல் சட்டசபையில் நிறைவேறிய சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். பெயரில் எண்ணெயே இல்லை! தடை செய்யப்பட்ட தொழில்களின் அட்டவணையில்தான், செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை இவற்றோடு எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எல்லாம் வருகின்றன. எண்ணெயைத் தொட அதிகாரமில்லாதவர்கள் வயல் வழியாக வந்தார்கள்.

பேங்க்காரன் இல்லையா, பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். ஏற்கெனவே நடக்கும் கிணறுகளுக்குத் தடை கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுசாக உள்ளே. கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள் மட்டும். திருச்சி, கரூர், அரியலூர் அன்று வெளியே நின்றன.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, நிலம் வயலாவே இருக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க. எனக்கப்புறம் யாரு நடுவா?" என்றார்.

நான் மெஹ்சானாவில். பையன் புனேயில் படிக்கிறான். உங்கள் வீட்டில் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்க.